அரைமண்டிக்கு எவ்வளவு துணி வேண்டும்?

ஆறாந் தரத்துக்கு வருகிற பிள்ளை அழகியல் பாடங்களில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். சித்திரமா, சங்கீதமா, நடனமா, நாடகமும் அரங்கியலுமா என்று வீட்டில் பேச்சு வரும். மன்னாரின் பேசாலையிலோ வங்காலையிலோ தாழ்வுபாட்டிலோ கடற்றொழிலை நம்பியிருக்கிற வீட்டில் பிள்ளை “நடனம்” என்று சொன்னதும், “ஆர் ரீச்சர்?” என்று கேட்பவர்கள் குறைவு. “உடுப்புக்கு எவ்வளவு முடியும்?” என்பதுதான் முதற் கேள்வி. சித்திரத்துக்கு ஒரு கொப்பியும் நிறப்பெட்டியும் போதும். சங்கீதத்துக்குக் குரல் இருந்தால் போதும். நடனம் என்றவுடன் பட்டும் கல்லு நகையும் சடைநாகமும் பெற்றோரின் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன. கடலில் பாடு இல்லாத மாதங்களில், இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன வாரங்களில், அந்தப் படம் ஒரு குடும்பத்தை மிரட்டத்தான் செய்யும். பிள்ளை சித்திரத்துக்குப் போய்விடும்.

தாயின் கேள்வி நியாயமானது. அதற்கு ஊரும் பாடசாலையும் தருகிற பதிலில்தான் பிழை இருக்கிறது. மேடைக்கு வேண்டியதை வகுப்புக்கு வேண்டியதாகச் சொல்கிறோம். ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ அரைமணி நேரம் உடுத்தும் உடுப்பு, வாரா வாரம் நடக்கும் வகுப்பின் வாசலை அடைத்து நிற்கிறது. மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலர் பிரிவுகளிலும், தீவிலும் பெருநிலத்திலும், பரதம் பயில விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் உடுப்பு ஒரு தடையாக இருக்கக் கூடாது. அதற்கு வழிகள் இருக்கின்றன.

வகுப்புக்கு உண்மையில் என்ன வேண்டும்? உடலோடு நிற்கிற பருத்தி உடை. இடுப்பை இறுக்கிக் கட்ட ஒரு துண்டு. சரியான உள்ளாடை. பாதத்துக்கு ஏற்ற தரை. சலங்கையும் வேண்டும், ஆனால் அது பிந்தித்தான் வேண்டும்.

உடையைப் பற்றிச் சொல்வதானால், சென்னை கலாக்ஷேத்திராவில் மாணவிகள் இன்றும் உடுத்துவது வழமையான சேலையைவிட நீளமும் அகலமும் குறைந்த பருத்திச் சேலை. உள்ளே பைஜாமா, மேலே முழங்காலுக்குக் கீழே நிற்கிற அளவில் சேலை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிடுவார்கள். இலங்கையின் வடக்கில் பெரும்பாலும் பஞ்சாபிதான், சால்வையைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வது வழக்கம். இரண்டுமே நல்ல உடைகள்தான். அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றை வெட்டினால் ஒரு பிள்ளைக்கான பயிற்சிச் சேலையும் இடுப்புத் துண்டும் வந்துவிடும். புதிதாக வாங்க வேண்டியது கால்சட்டைத் துணி மட்டுந்தான்.

பருத்தி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த மண்ணின் வெயில். மன்னார் வறண்ட வலயத்தின் கடற்கரை. மழை குறைவு, நிழலும் குறைவு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும்போது யன்னலைத் திறந்தால் மணல், மூடினால் புழுக்கம். பாடசாலை விட்ட பிறகு, பிற்பகல் வெயிலில், தகரக் கூரையின் கீழே பொலியெஸ்டர் துணியோடு ஒரு மணிநேரம் தட்டடவு போடுகிற பிள்ளைக்கு வேர்வை வழியும், வேர்க்குரு போடும், தலை சுற்றும். கடையில் மினுங்குகிற, மலிவான ஆயத்த நடன உடைகள் பலவும் இந்தச் செயற்கை இழையில்தான் வருகின்றன. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. நிறத்திலும் கவனம் வேண்டும். நனைந்தால் உடல் தெரிகிற மென்னிறங்கள் வளர்ந்த பிள்ளைகளைக் கூச வைக்கும். அரக்கு, கடும் பச்சை, கருநீலம் என்றால் பிள்ளை தன் உடையை மறந்து ஆடும்.

உடை ஏன் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்று பெற்றோர் கேட்பதுண்டு. அது வெறும் ஒழுங்கு சார்ந்த விடயமல்ல. அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் திறந்து, முதுகு நேராக நிற்க வேண்டும். பெரிய ரீசேர்ட்டுக்குள் இடுப்பு எங்கே வளைகிறது, முதுகு எங்கே கூன் விழுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. தெரியாத பிழையைத் திருத்த முடியாது. இரண்டு வருடம் அப்படியே பழகிய பிள்ளைக்குப் பிறகு முழங்கால் நோகும், இடுப்பு நோகும். இடுப்பில் இறுக்கிக் கட்டும் துண்டின் பயனும் அதுதான். இடுப்பின் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தைக்கிற அக்காமாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பமும் உண்டு. சாதாரணப் பைஜாமாவை அணிந்துகொண்டு பிள்ளை முழுமண்டிக்கு இறங்கினால், இரு கால்களும் சேருகிற இடத்துத் தையல் முதல் வாரத்திலேயே பிரிந்துவிடும். நாலு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேருவதால் இழுவை முழுவதும் அங்கேதான். அந்த இடத்தில் உள்ளங்கையளவு வைரவடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் துணி விரிந்து கொடுக்கும், கிழியாது. கைத்துண்டுத் துணி, பத்து நிமிட வேலை. கைகளை நாட்டியாரம்பத்தில் தோளுயரத்துக்கு நீட்டிப் பிடிப்பதால் கமக்கட்டுக்கும் அதே போன்ற துண்டு வைக்கலாம். இந்த இரண்டு துண்டுகளும் இல்லாத உடையை எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் அது நடன உடை ஆகாது.

உள்ளாடையைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. வளரும் பருவத்துப் பெண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் நடனத்தை விட்டு விலகுவதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் படிப்பு. சொல்லப்படாத காரணங்களில் ஒன்று கூச்சம். குதித்து ஆடும் அடவுகளில் மார்பைத் தாங்கிப் பிடிக்கிற, விளையாட்டு வீராங்கனைகள் அணிகிற வகை உள்ளாடை ஒன்று இருந்தால் அந்தக் கூச்சத்தின் பெரும் பகுதி போய்விடும். பெண் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே தாய்மாரை இருத்திவைத்து இதைச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் பிள்ளை என்ன செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். இன்னொன்று, உடை மாற்ற ஓர் அறை. வெள்ளைச் சீருடையோடு வந்த பிள்ளை நடன உடைக்கு மாறுவதற்கு உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை இல்லாத பாடசாலையில், எவ்வளவு நல்ல உடுப்பு இருந்தும் பயனில்லை.

அடுத்தது பாதம். பலே நடனம் பயிலும் பிள்ளைக்குச் சப்பாத்து உயிர். அந்தச் சப்பாத்தில்கூட யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி இருந்தது. பலே சப்பாத்துகள் வெள்ளைத் தோலை ஒத்த இளஞ்சிவப்பிலேயே வந்ததால், கறுப்பினக் கலைஞர்கள் பூச்சுப் பூசித் தங்கள் தோலின் நிறத்துக்கு அவற்றை மாற்றி அணிந்துவந்தார்கள். இலண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பலே பிளாக் என்ற குழுவோடு சேர்ந்து மண்ணிறச் சப்பாத்துகளைக் கொண்டுவந்தது 2018 இல்தான். பரதத்துக்கு அந்தச் சிக்கலே இல்லை, சப்பாத்தே இல்லை. ஆனால் சப்பாத்து செய்கிற வேலையை இங்கே வேறொன்று செய்தாக வேண்டும். அதுதான் தரை.

பாதத்தைத் தட்டி ஆடும் கலைக்குச் சீமெந்துத் தரை பகை. ஒவ்வொரு தட்டின் அதிர்ச்சியும் குதிக்கால் வழியே முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறும். பலகைத் தரை கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அதிர்ச்சியைத் தான் வாங்கும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் மேடையை அளந்து சொல்கிறது. எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம், தளத்துக்குப் பலகை. ஆடலாசிரியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், பாட்டு, தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காதை வரி வரியாக விரிக்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறியவள் மாதவி. அவளுடைய நகைகளை இளங்கோ கால் முதல் தலை வரை அடுக்குவது அங்கே அல்ல, பின்னால் வரும் கடலாடு காதையில். அரங்கேற்றம் என்றதும் முதலில் ஆசிரியரையும் தரையையும் நினைத்தவர் அந்தப் புலவர். நம் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் நடன அறை என்பது கதிரை மேசைகளை ஓரம் தள்ளிய வகுப்பறைதான். பழைய மாணவர் சங்கம் ஒன்று பாடசாலைக்கு ஏதாவது செய்ய நினைத்தால், நுழைவாயில் வளைவு கட்டுவதை விட்டு நடன அறைக்குப் பலகைத் தளம் போடட்டும். உடனடியாக முடியாத இடங்களில், குதிக்கும் அடவுகளையாவது அளவோடு கொடுக்க ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இனிச் சலங்கை.

நந்திகேசுவரரின் நடன இலக்கண நூலான அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1917 இல் வெளியிட்டவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சலங்கை எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நூல் விரிவாகச் சொல்கிறது. மணி வெண்கலத்தில் செய்யப்பட வேண்டும், நல்ல ஒலி தர வேண்டும், நீல நூலில் இடைவெளிவிட்டு முடிச்சுப் போட்டுக் கோக்க வேண்டும், காலுக்கு நூறு இருநூறு என்று கட்ட வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தோற்பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்த பித்தளை மணிகள். கொக்கி மாட்டினால் முடிந்தது, அரை நிமிடத்தில் கட்டிவிடலாம். கொழும்பிலும் சென்னையிலும் அது வசதிதான். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மன்னார்த் தீவில் அதன் பாடு வேறு.

ஒரு பித்தளை மணியை எடுத்துப் பார்த்தால் விளங்கும். வெளியே பித்தளை, உள்ளே உருளுவது சிறு இரும்புக் குண்டு. உப்புக்காற்று பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும், இரும்பில் துரு பிடிக்கும். துருவேறிய குண்டு மணியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த மணி ஒலிக்காது, வெறும் பாரம். தோற்பட்டை வேர்வையையும் உப்பையும் உறிஞ்சிக் காய்ந்து விறைக்கும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். பட்டையைக் கழுவவும் முடியாது. கயிற்றில் கோத்த சலங்கையைக் கட்ட நேரம் எடுக்கும், பழக்கமும் வேண்டும். ஆனால் முடிச்சை அவிழ்த்து மணியை மணியாகக் கழற்றலாம், பழப்புளி தேய்த்துத் துடைத்து நன்றாக உலர்த்தலாம், ஒலிக்காத மணியை மட்டும் மாற்றிவிட்டுப் புதுக் கயிற்றில் கோக்கலாம். பாரமும் குறைவு. கரையோர ஊர்களில் பழைய முறைதான் இலாபம் என்பதில் ஐயமில்லை. தோற்பட்டைதான் இருக்கிறது என்றால், வகுப்பு முடிந்ததும் வேர்வையோடு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டாமல், நிழலில் விரித்து உலரவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றிப் பனையோலைப் பெட்டியில் வைக்கலாம். ஓலைப் பெட்டிக்கு மூச்சு உண்டு, பொலித்தீனுக்கு இல்லை.

சலங்கை எப்போது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. தட்டடவில் கால் நேரம் பிசகாமல் விழும் வரைக்கும் சலங்கை தேவையில்லை. பிழையான தட்டைச் சலங்கை மறைக்காது, பெருக்கிக் காட்டும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் காது வந்த பிறகுதான் அதனால் பயன். மட்டக்களப்புக் கூத்தில் சட்டம் என்ற பாத்திரப் பிரதியைக் கொடுத்துப் பலநாள் பழக்கிய பிறகே சதங்கை அணியும் சடங்கு வரும். கண்டிய நடனத்தில் வெஸ் அணிகலனை நீண்ட பயிற்சிக்குப் பிறகு, சடங்கோடுதான் சூட்டுவார்கள். பலேயில் விரல்நுனியில் நிற்கும் சப்பாத்தைப் பாதம் உறுதிப்படும் முன் எந்த நல்ல ஆசிரியரும் கொடுக்கமாட்டார். எங்கேயும் வழமை ஒன்றுதான், அணி பின்னால் வருகிறது. அப்படியிருக்க, சேர்ந்து மூன்றாம் மாதத்தில் சலங்கை, ஆறாம் மாதத்தில் முழு அலங்காரம், பரிசளிப்பு விழாவில் மேடை என்று பிள்ளைகளை ஓட்டுவது எதற்காக? விழாவுக்கு வரும் விருந்தினருக்கு அது அழகு. பிள்ளையின் காலுக்கு அது அவசரம்.

மேடை உடுப்பு என்று நாம் இன்று நினைப்பதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் சென்னை அடையாறில் முதன்முதலாக ஆடியது 1935 இறுதியில். அதற்கு முன் பரதத்தின் பழைய வடிவமான சதிரை ஆடியவர்கள் பைஜாமாவுக்கு மேல் கனத்த சேலையைச் சுற்றியே ஆடினார்கள். கோயில் சிற்பங்களைப் பார்த்து, இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் உதவியோடு, காலசைவு தெரிகிற, விசிறி மடிப்புள்ள தைத்த உடையை ருக்மிணி தேவி உருவாக்கினார். கைத்தறியையும் பழைய சேலைக் கரைகளையும் தேடிப் பிடித்துத் தன் நிறுவனமான கலாக்ஷேத்திராவுக்குள்ளேயே தறி போட்டு நெய்வித்தார். அவருடைய வேலை பெரிது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது தன் காலத்துக்கும் தன் மேடைக்கும் ஏற்ற உடையை யோசித்துச் செய்த ஒரு பெண்ணின் வேலை. மன்னாரின் காலத்துக்கும் மேடைக்கும் ஏற்றதை மன்னார் யோசிப்பதற்கு அதுவே முன்மாதிரி. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என்று நீளுகிற கோயில் நகைப் பட்டியலும் அப்படித்தான். நாகர்கோவில் வடசேரிக் கம்மாளர்கள் தெய்வத் திருமேனிகளுக்கும் ஆடல் மகளிருக்கும் செய்த நகைகளின் சாயலில் வந்தவை அவை. சதங்கைக்கால் வைத்தாடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அத்தனையும் கட்டாயம் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

இந்தப் பொருள்கள் பாக்கு நீரிணையைக் கடந்து வரும் வழியும் ஒரு காலத்தில் மன்னார் ஊடாகத்தான் இருந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு மறு ரயில் பிடிக்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர்க்காலத்தில் நின்றது. 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் வந்தது, கப்பல் வரவில்லை. இன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான் பயணிகள் கப்பல். ஆக, இந்தியக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மன்னாரின் பிள்ளைக்கு நடன நகை யாழ்ப்பாணத்தையோ கொழும்பு வெள்ளவத்தையையோ சுற்றிக்கொண்டு வருகிறது. வழியில் ஒவ்வொரு கையும் ஒரு இலாபம் வைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதை எட்டியது. விலைவாசி ஏறும் வேகம் பிறகு அடங்கியது, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சம்பளமும் மீன்விலையும் அந்த அளவுக்கு உயராத வீடுகளில் பட்டு நடன உடுப்பு எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மன்னாருக்கு இதைச் சமாளிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரு பாங்குகளில் கத்தோலிக்க நாட்டுக்கூத்தைக் காத்துவைத்த மண் இது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த கூத்துகளில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி எல்லாம் மன்னார்க் கரையின் சொத்து. பேரரசனாகவும் மூவிராசாக்களாகவும் மேடையேறியவர்கள் அன்றாடம் கடலுக்கும் வயலுக்கும் போனவர்கள். இராச உடுப்பும் முடியும் தனித்தனியே தைப்பிக்க அவர்களில் யாருக்கு வசதி இருந்தது? ஊர் சேர்ந்து காசு போட்டது, உடுப்பு வைத்திருந்தவர்களிடம் வாடகைக்கு எடுத்தது, கூத்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்தது. ஆடுகிறவனின் தகப்பனிடம் உடுப்புக்குக் காசிருக்கிறதா என்று பார்த்து அண்ணாவியார் பாத்திரம் கொடுக்கவில்லை. குரலையும் ஆட்டத்தையும் பார்த்துத்தான் கொடுத்தார். அந்த ஏற்பாட்டை நடன வகுப்புக்குக் கொண்டுவருவது புதுமை அல்ல, பழைய வழக்கத்தைத் தொடர்வதுதான்.

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் எழும். பொட்டு, பிறைகள், நடராசர் சிலை முன் வணக்கம் இவையெல்லாம் வேறு சமயத்துப் பிள்ளைக்கு இடறலா? திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கக் குருவான எஸ். எம். ஜார்ஜ் அடிகள் 1977 இல் தொடங்கிய கலைக் காவிரி பரதத்தைக் கிறிஸ்தவப் பொருளோடு பயிற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகள் 1965 இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் பரதத்தையும் ஒரே மேடையில் ஏற்றியது. திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியிலும் மடு மாதா திருவிழாவிலும் ஒரே மாவட்டத்தில்தான் சனம் திரளுகிறது. முஸ்லிம் பிள்ளை ஒருத்தி முழங்கையைத் தாண்டிய சட்டையோடும் தலையை மூடியும் வகுப்புக்கு வர விரும்பினால், பருத்தியில், உடலோடு நிற்கும்படி தைத்துக்கொண்டு வரட்டும். அரைமண்டிக்கு அது தடையல்ல. பையன்களுக்கு இன்னும் எளிது. பருத்தி வேட்டியைக் கச்சமாகக் கட்டி, மேலே பெனியன், இடுப்பில் துண்டு. பையன்கள் வராததற்குக் காரணம் உடுப்பல்ல, கேலி. அதை அடக்குவது அதிபரின் வேலை.

இந்த வாதத்துக்கு மறுப்பும் உண்டு. மேடையில் ஏறும்போது பிள்ளைக்கு அழகாக உடுத்த ஆசை இருக்காதா என்று நடன ஆசிரியர்கள் கேட்பார்கள். இருக்கும், இருக்கவும் வேண்டும். நெற்றிச்சுட்டி கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, காலுக்குச் செம்பூச்சுப் பூசிக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தில் வருகிற மகிழ்ச்சியை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. அதை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதைத்தான் எதிர்க்க வேண்டும். ஒரே குழு நடனத்தில் ஒரு பிள்ளையின் கழுத்தில் கெம்புக்கல் அட்டிகையும் பக்கத்துப் பிள்ளையின் கழுத்தில் தாள் ஒட்டிய அட்டிகையும் மினுங்கினால், சபையில் இருப்பவர்களுக்கு முன் அந்தப் பிள்ளைகளுக்கே அது தெரியும். எல்லோரும் இன்ன கடையில் இன்ன நகைதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது தீர்வல்ல, அது சுமையை இன்னும் ஏற்றும்.

தீர்வுக்கு முன்மாதிரி அரசிடமே இருக்கிறது. அது 1993 முதல் பாடசாலைச் சீருடைத் துணியை இலவசமாகத் தந்துவருகிறது. உடுப்பில்லாமல் எந்தப் பிள்ளையும் வகுப்பறைக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு நடனம் ஒரு பாடம், அதற்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. பாடம் அரசினது என்றால், அந்தப் பாடத்துக்கான பயிற்சி உடைக்கு வருடம் ஒரு துண்டுப் பருத்தித் துணி கேட்பது பேராசையல்ல.

அதுவரைக்கும் மாவட்டமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களிலும் நடன உடுப்புக்கென ஓர் அலுமாரி வேண்டும். நாலைந்து அளவுகளில், ஓரங்களில் பெரிய மடிப்பு விட்டு, கூட்டிக் குறைக்கக்கூடியதாகத் தைத்த உடுப்புகள், இரண்டு குழுவுக்கு வேண்டிய நகைத்தொகுதி, ஒரு பதிவேடு, திறப்புக்குப் பொறுப்பாக ஒரு நடன ஆசிரியர். இலண்டனிலும் தொரன்ரோவிலும் பாரிஸிலும் அரங்கேற்றம் முடித்த எம் பிள்ளைகளின் உடுப்புகள், ஒருமுறை இருமுறை உடுத்திய பிறகு அலுமாரிகளில் மடித்துக் கிடக்கின்றன. மன்னாரைச் சேர்ந்த புலம்பெயர் சங்கங்கள் விளையாட்டு மைதானத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் காசு சேர்ப்பது போல, இந்த உடுப்புகளையும் சேர்த்து ஒரு பெட்டியில் அனுப்பலாம். அளவு பெரிதாக இருந்தால் வெட்டித் தைக்க இங்கே ஆளிருக்கிறது. நானாட்டானிலும் முருங்கனிலும் அடம்பனிலும் தையல் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பெண்களுக்கு விசிறி மடிப்பையும் மேலாக்கையும் தைக்கப் பழக்கினால், யாழ்ப்பாணத்துக்குப் போகிற தையற்கூலி ஊரிலேயே தங்கும். அந்தப் பயிற்சியைக் கொடுக்க ஓர் அனுபவமுள்ள தையற்காரரும் சில நாட்களும் போதும்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டிக்கான சுற்றறிக்கை ஆண்டுதோறும் பாடசாலைகளுக்கு வருகிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று நடனப் போட்டிகள் ஏறி ஏறிப் போகும். கோட்ட மட்டத்திலும் வலய மட்டத்திலும் பயிற்சி உடையோடு ஆடலாம் என்று அந்தச் சுற்றறிக்கையில் எழுதப்பட வேண்டும். நகைக்கும் பட்டுக்கும் புள்ளி இல்லை, ஆட்டத்துக்கும் பாவத்துக்கும் தாளத்துக்கும்தான் புள்ளி என்பது நடுவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். மாகாண மட்டத்துக்குத் தெரிவாகும் குழுவுக்கு உடுப்பும் நகையும் வலயத்தின் அலுமாரியிலிருந்தே வழங்கப்பட வேண்டும், பெற்றோரிடம் அதற்கென்று காசு வாங்கக் கூடாது. அடுத்த சுற்றறிக்கை தயாராகும் முன் வலயக் கல்விப் பணிமனைகள் இரண்டும் நடன ஆசிரியர்களை ஒருமுறை கூப்பிட்டு இருந்து பேசினால் இந்தக் கோரிக்கையின் வாசகம் அன்றைக்கே எழுதி முடிந்துவிடும்.